ஒரே பெயரா, ஒரே நாளா, ஒரே சான்றா? சூழல் அமைப்புகளின் கூட்டுப் பரப்புரை

ஒரே பிரச்சினைக்காக உழைக்கும் மூன்று சூழல் அமைப்புகள், ஒரே வாரத்தில் மூன்று அறிக்கைகளை அதே செய்தியாளர்களுக்கு அனுப்புகின்றன. மூன்றும் படிக்கப்படாமலே போகின்றன. இந்த இழப்பைத் தவிர்க்கத்தான் கூட்டுப் பரப்புரை. சேர்வது நல்லது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எவ்வளவு இறுக்கமாகச் சேர்வது என்பதில்தான் கூட்டணிகள் உடைகின்றன. நடைமுறையில் மூன்று வழிகளைப் பார்க்கிறோம்.

முதல் வழி, ஒரே பெயரில் பேசுவது. பொதுச் செயலகம் இருக்கும், பொது நிலைப்பாடு இருக்கும். 2011இல் உருவான, கடல் பாதுகாப்புக்காக உழைக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான ‘ஹை சீஸ் அலையன்ஸ்’ இதற்கு நல்ல சான்று. எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் வராத கடற்பரப்புக்கான ஐ.நா. ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வர 60 நாடுகள் உறுதிசெய்ய வேண்டியிருந்ததால், எந்த நாடு உறுதிசெய்துவிட்டது, எது பாக்கி என்று கணக்கு வைத்து இக்கூட்டமைப்பு தொடர்ந்து அழுத்தம் கொடுத்தது. 2026 ஜனவரி 17 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட வேலையில், அரசுப் பிரதிநிதியின் காதில் பத்து அமைப்புகளின் பத்துக் கோரிக்கைகள் விழுந்தால் ஒன்றும் நடக்காது. ஒரே பெயர்தான் பொருத்தம்.

ஆனால் இதற்கு விலை உண்டு. இரவில் ஒரு வரைவு ஒப்புதலுக்குச் சுற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘புதிய அனுமதிகளை உடனே நிறுத்த வேண்டும்’ என்பது அதன் முதல் வரி. அரசோடு பேச்சுவார்த்தையில் இருக்கும் ஓர் அமைப்பு ‘உடனே’ வேண்டாம் என்கிறது. நிதி வழங்குபவரின் நிபந்தனைக்கு உட்பட்ட இன்னொன்று, ‘மறுபரிசீலனை’ போதும் என்கிறது. மறுநாள் மாலை வெளிவருவது, ‘அனுமதிகள் குறித்து உரிய கவனம் செலுத்த வேண்டும்’ என்ற வரி. யாருக்கும் உறுத்தாத அந்த வரியைச் செய்தியாக்க எந்த ஆசிரியரும் முன்வரமாட்டார். இதில் அதிகம் இழப்பவர்கள் பாதிக்கப்பட்ட மக்களோடு நிற்கும் சிறிய அமைப்புகள். இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் அலுவலகத்தால் நள்ளிரவுத் திருத்தங்களுக்கு ஈடுகொடுக்க முடியாது.

இரண்டாவது வழி, ஒரே நாளில் கூடுவது. 2009 அக்டோபர் 24 அன்று ‘350.ஆர்க்’ என்ற காலநிலை அமைப்பின் அழைப்பில் 181 நாடுகளில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. காற்றில் கரியமில வாயுவின் பாதுகாப்பான அளவைக் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்று) குறிக்கும் 350 என்ற எண்தான் எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். 2014 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கில் நடந்த மக்கள் காலநிலைப் பேரணியில் 1,500க்கும் மேற்பட்ட அமைப்புகள் கைகோத்தன. காலநிலைச் சீர்கேட்டால் முதலில் அடிபடும் சமூகங்களுக்கு அணிவகுப்பின் முன்வரிசை தரப்பட்டது. யார் முன்னால் நிற்பது என்பதையே செய்தியாக்கிய நேர்த்தி அது. குறிப்பிட்ட கோரிக்கை எதுவும் இல்லை என்று அந்தப் பேரணி விமர்சிக்கப்பட்டது. அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். புதியவர்களை இயக்கத்துக்குள் கொண்டுவர இந்த வழிக்கு இணையில்லை. மறுநாள் காலையில் யார், யாரிடம், என்ன கேட்பது என்பதற்கு மட்டும் இதில் விடை இல்லை.

மூன்றாவது வழிக்கே என் வாக்கு: சான்றைப் பொதுவாக்கிவிட்டு, பேச்சை அவரவரிடமே விடுவது. 2016இல் தொடங்கிய ‘பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்’ இயக்கத்தின் பிராண்ட் தணிக்கையைப் பாருங்கள். கரையில் பொறுக்கிய குப்பையைத் தன்னார்வலர்கள் தரையில் கொட்டிப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் உறையையும் திருப்பி, எந்த நிறுவனத்துடையது, உணவுப் பொருளா, வீட்டு உபயோகப் பொருளா, என்ன வகைப் பிளாஸ்டிக் என்று ஒரே மாதிரியான படிவத்தில் குறிக்கிறார்கள். 2018இல் 42 நாடுகளில் 239 இடங்களில் இப்படி 1,87,000க்கும் மேற்பட்ட துண்டுகள் எண்ணப்பட்டன; முதலிடத்தில் வந்தது கோக-கோலா. ‘குப்பை போடாதீர்கள்’ என்று பொதுமக்களை நோக்கி நீண்டிருந்த விரல், உற்பத்தியாளரை நோக்கித் திரும்பியது. இதற்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒப்புதல் தேவைப்படவில்லை. உள்ளூர் அமைப்பு தன் கரையின் எண்ணிக்கையைத் தன் மொழியில், தன் கோபத்தோடு சொல்லலாம். உலகத் தொகை அதற்கு வலு சேர்க்கிறது.

பலவீனமும் இங்கேதான். ஒரு குழு வேறு முறையில் எண்ணினால், எதிர்த்தரப்பு மொத்தக் கணக்கையும் பொய்யென்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும். எண்ணும் முறையை முன்கூட்டியே வெளியிட வேண்டும், பயிற்சிக்கும் மொழிபெயர்ப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இந்தச் செலவை உள்ளூர்க் குழுக்களின் தலையில் கட்டுவது அநீதி. நிதி வசதியுள்ள பெரிய அமைப்புகளே ஏற்க வேண்டும்.

எந்த வழியானாலும் முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்ய வேண்டியவை சில உண்டு. இறுதி ஒப்புதல் யாருடையது, எத்தனை மணிக்குள்? உடன்படாத அமைப்பு அறிக்கையை நீர்த்துப்போகச் செய்வதைவிட, அந்த ஓர் அறிக்கையிலிருந்து மட்டும் தன் பெயரை விலக்கிக்கொள்வது மேல்; அதை யாரும் துரோகமாகப் பார்க்கக்கூடாது. பெரும்பாலும் தள்ளிப்போடப்படும் கேள்வி ஒன்றும் இருக்கிறது: கூட்டு மனுவில் கையெழுத்திட்டவர்களின் மின்னஞ்சல் முகவரிகள் யாருக்கு? படிவத்தை உருவாக்கிய பெரிய அமைப்பே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை சிறிய அமைப்புகள் வரமாட்டா. எந்தெந்த அமைப்பு தன்னைத் தொடர்புகொள்ளலாம் என்பதைக் கையெழுத்திடுபவரே தேர்ந்தெடுக்கும்படி, ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனிக் கட்டம் படிவத்தில் இருக்க வேண்டும்.