கிளே பார் வாங்கலாமா? என் வெள்ளைக் காரில் போட்டுப் பார்த்த அனுபவம்

வண்டி பளபளக்க வேண்டும் என்பதற்காகக் கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை இழுத்து எடுக்கிற, களிமண் போன்ற கட்டி) வாங்க நினைத்தால் வேண்டாம், அந்தப் பணத்துக்கு நல்ல பாலிஷாக வாங்கிக்கொள்ளுங்கள். ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகும் பானட்டில் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறதா? அதைப் போக்க இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

என்னுடையது வெள்ளைக் கார். ரயில் பாதையை ஒட்டிய இடத்தில்தான் தினமும் நிற்கிறது. டிக்கி மூடியிலும் பின் பம்பரிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பெயின்ட் துருப்பிடிக்கிறது என்று பலரும் பயப்படுவார்கள், ஆனால் பெரும்பாலும் அது உள்ளிருந்து வரும் துரு இல்லை. ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும், வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போதும் பறக்கிற இரும்புத்தூள் சூடாக வந்து, பெயின்ட்டின் மேல் இருக்கிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட்டில் பதிந்துவிடுகிறது. ஈரம் பட்டதும் அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது. இதோடு மரப்பிசின், தார்த்துளி, பக்கத்தில் எங்காவது ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பறந்து வரும் பொடி எல்லாமும் சேர்ந்துகொள்ளும். ஷாம்பு இவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கிளே பார் என்பது பிசையக்கூடிய செயற்கைப் பிசின், அதற்குள் மிக நுண்ணிய உராய்பொருள் கலந்திருக்கும். ஜப்பானில் உருவானது. ததாவோ கொடாத்தே என்பவருக்கு 1995-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஈரமான பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டே போய், மேலே துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் பிடித்து இழுத்து வந்துவிடும். கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதைப் பெரிதாகத் தேய்த்துக் குறைக்காமலே அழுக்கை எடுக்க முடிகிறது என்பதால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு மதிப்பு.

உங்கள் வண்டிக்குத் தேவையா என்று பார்ப்பது சுலபம். கழுவிக் காய்ந்த பானட்டின் மேல், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத முடிச்செல்லாம் பைக்குள்ளிருந்து தெரியும். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் கிளே பாரைத் தொடவே வேண்டாம். தேவையில்லாமல் தேய்க்கிற ஒவ்வொரு தேய்ப்பும் பெயின்ட்டுக்குக் கெடுதல்தான்.

வாங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஸ்ப்ரேயைப் பற்றி. கிளே பார் எந்தக் கம்பெனி என்பதைவிட, அதோடு அடிக்கிற வழுக்கு திரவம் எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. மதர்ஸ், மெக்வயர்ஸ் போன்றவர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஆனாலும் முழு வண்டிக்கும் ஒரு பாட்டில் இழுத்துப்பிடித்தே வரும், கூடுதலாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரப்பிலும் அடிக்க வேண்டும், கிளே பாரிலும் அடிக்க வேண்டும். இழுக்கும்போது பிடித்து நிற்கிறது என்றால் திரவம் போதவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் கோடு விழுந்துவிடும். ஷாம்புத் தண்ணீரையே பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சில கிளே பார் சில ஷாம்புகளில் இளகிப் பிசுபிசுத்து வண்டியிலேயே அப்பிக்கொள்ளும், அதனால் பெட்டியில் போட்டிருக்கிற முறைப்படியே செய்வது நல்லது.

கிளே போடுவதற்கு முன்னால், இரும்புத்தூளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் திரவத்தை அடிப்பேன். இரும்புத்தூள் இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். நாற்றம் கொஞ்சம் கடுமைதான், கையுறை கட்டாயம் வேண்டும், காயவிடாமல் கழுவிவிட வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுவதால் கிளே போடும்போது தேய்ப்பு மிகவும் குறைகிறது.

பிறகு நிழலில், சூடு ஆறின வண்டியில் வேலையைத் தொடங்கலாம். கட்டியிலிருந்து ஒரு துண்டு கிள்ளி, உள்ளங்கைக்குள் அடங்குகிற வில்லையாகத் தட்டிக்கொள்கிறேன். விரல்களின் எடை மட்டும் போதும். நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக, இரண்டடிச் சதுரம் வீதம். முதல் சில இழுப்புகளில் சரசரவென்று மணல்தாள் போல ஒரு சத்தம் வரும். அப்படியே குறைந்து குறைந்து சத்தமே இல்லாமல், கை தானாக வழுக்கிக்கொண்டு போகும். அப்போது நிறுத்திவிட வேண்டும். வில்லையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பும் கறுப்புமாகக் கோடுகள் தெரியும். அதை உள்ளே மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த சதுரத்துக்குப் போகலாம். பானட்டும் டிக்கியும்தான் அதிக நேரம் எடுக்கும். மேற்கூரை சீக்கிரம் முடிந்துவிடும். கதவுகளின் கீழ்ப்பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தாரும் மணலும் அதிகம்.

தம்பி தன் கறுப்பு வண்டிக்குக் கேட்டான். "அண்ணே, இதைப் போட்டா கோடு விழாதா?"

விழலாம் என்றுதான் சொன்னேன். உராய்வு மிகக் குறைந்த ஃபைன் ரகம் போட்டாலும் கறுப்பு, அடர்நீல வண்டிகளில் வெயில் பட்டால் மெல்லிய மங்கல் தெரிய வாய்ப்பு உண்டு. பின்னாலேயே ஒரு பாலிஷ் போடத் தயாராக இருந்தால் அவனும் செய்யலாம். உராய்வு அதிகமான மீடியம், ஹெவி ரகங்கள் வாங்கிக் கிடுகிடுவென்று முடித்துவிடலாம் என்ற ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். அவை பாலிஷ் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் வண்டிக்கு எந்த ரகமும் கூடாது, தேய்த்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக மினுங்கும், அதைத் திருப்ப முடியாது.

கீறலையும் சிலந்திவலைக் கோடுகளையும் இது எடுக்காது. பறவை எச்சம் அரித்த குழியையும் எடுக்காது. அதெல்லாம் கிளியர் கோட்டுக்குள் இருக்கும் பள்ளம், இது மேலே நிற்கிற மேட்டை மட்டுமே எடுக்கும். விளம்பரத்தில் எதைச் சொன்னாலும் இதுதான் நிலை.

கிளே மிட் என்று கையுறை மாதிரி ஒன்றும் விற்கிறார்கள், ஒரு பக்கம் ரப்பர் போன்ற பூச்சு. நானும் வைத்திருக்கிறேன். வேகம் என்றால் அதுதான். கீழே விழுந்தாலும் அலசிவிட்டுத் தொடரலாம். கிளே பார் மண்ணில் விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான், ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பானட் முழுக்கக் கீறிவிடும். இருந்தாலும் முதல்முறை செய்கிறவர்களுக்குக் கிளே பாரைத்தான் சொல்வேன். அடியில் என்ன நடக்கிறது என்பதை விரல் நேரடியாக உணரும், மிட்டின் தடிமனில் அந்த உணர்வு பாதி போய்விடுகிறது. பம்பர் வளைவு, கண்ணாடி ஓரம், நம்பர் பிளேட்டைச் சுற்றிய இடுக்குகளிலும் அது நுழைவதில்லை.

முன் கண்ணாடியில் போட்டபோது கிடைத்த பலன் நான் எதிர்பார்க்காதது. மழையில் வைப்பர் கீச்சிடுவது நின்றுவிட்டது. கண்ணாடிக்குத் தனிக் கிளே துண்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பெயின்ட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

முடித்த அன்றே பெயின்ட்டைக் காக்கிற மேற்பூச்சாக வேக்ஸோ சீலன்ட்டோ போட்டுவிட வேண்டும். பழைய வேக்ஸையும் கிளே எடுத்துக்கொண்டு போயிருக்கும், பெயின்ட் வெறுமையாக நிற்கும். கையால் வேக்ஸ் தடவினாலே இந்த முறை துணி நிற்காமல் ஓடும். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, என்னைப் போல ரயில் ஓரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இரண்டு தடவை, அதுவும் பிளாஸ்டிக் பையால் தடவிப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும்.

வாங்கும்போது ஃபைன் என்று போட்ட 100 கிராம் கட்டி ஒன்று போதும். முழுதாக எடுக்காமல் துண்டுகளாக வெட்டி, ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். மிச்சத்தில் ஸ்ப்ரே அடித்து மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் காயாது. எவ்வளவு மடித்தாலும் சுத்தமான பக்கம் கிடைக்காமல் போகும்போது தூக்கிப் போட்டுவிடுங்கள்.