பழைய மினிவேன், இரண்டு விலை

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மினிவேன் சும்மா நிற்கிறது, விற்கலாம் என்று முடிவும் ஆகிவிட்டது. சாதாரண வண்டி என்றால் வருஷம், ஓடிய கிலோமீட்டர், நிலைமை மூன்றையும் பார்த்தால் விலை வந்துவிடும். தேடிப்பிடித்து வாங்கப் பிரியர்கள் இருக்கிற ரகமாக இருந்தால்தான் குழப்பம். யாரிடம் விற்கிறோம் என்பதைப் பொறுத்து விலையே மாறும்.

டீலரிடம் எக்ஸ்சேஞ்ச் செய்வதில் ஒரே லாபம் நிம்மதி. ஒரே நாளில் சாவி கைமாறிவிடும். ஆனால் அவர் கணக்கில் அது வெறும் பழைய வண்டி, சொல்வது அடிமாட்டு விலை. பழையதற்குக் கூட்டிக் கொடுப்பதுபோல் காட்டி, புது வண்டியின் தள்ளுபடியில் அதைக் கழித்துக்கொள்வதும் உண்டு. இரண்டு தொகையையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மீதி இருவருக்குள்தான் உண்மையான போட்டி: குடும்பத்துக்கு வண்டி தேடுபவர், வண்டிப் பிரியர்.

டொயோட்டா ப்ரீவியா மினிவேனை எடுத்துக்கொள்வோம். 1990இல் வந்த முதல் தலைமுறையில் 2.4 லிட்டர் என்ஜின் முன்சீட்டுகளுக்கு அடியில், 75 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும். ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டுமா? சீட்டை நகர்த்தி, தரைவிரிப்பை விலக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். ஆல்டர்னேட்டரும் ஏ.சி. கம்ப்ரஸரும் வண்டியின் மூக்குப் பக்கம் தனியாக இருக்கும். என்ஜினிலிருந்து நீளமான ஒரு தண்டு போய் அவற்றைச் சுழற்றும். குடும்பக்காரர் இதைக் கேட்டதும் "இதற்கு மெக்கானிக் கிடைப்பாரா?" என்பார், விலையைக் குறைப்பார். பிரியர் வாங்க வருவதே இதற்காகத்தான். வந்ததும் அந்தத் தண்டின் இணைப்புகள் தேய்ந்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்ப்பார். சூப்பர்சார்ஜர் உண்டா, நான்கு சக்கர இழுவையா, கையால் மாற்றும் கியரா என்று அடுக்குவார். பின்சீட்டுக்கு ஏ.சி. வருகிறதா என்பது அவருக்கு அப்புறம்தான்.

பெயர் மட்டும் போதாது, எந்த ரகம் என்பதுதான் காசு. 2000இல் வந்த அடுத்த ப்ரீவியாவில் என்ஜின் எல்லா வண்டியையும் போல முன்னால் போய்விட்டது. அதைக் குடும்ப வண்டியாகவே விற்கலாம். சாதாரண ஓப்பல் சஃபீரா மினிவேனுக்கும், 2001இல் வந்த அதன் வேக ரகமான 192 குதிரைத்திறன் டர்போ ஓ.பி.சி.க்கும் உள்ள தூரமும் அப்படித்தான்.

விலை வைக்கும்போது விளம்பரத்தில் கேட்கிற விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்பது ஆசை, படிந்தது விலை. முடிந்த ஏலங்களில் அதே ரகம், அதே மாதிரி நிலைமையில் எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள். கதவுக்குக் கீழே துரு இருந்தால் பிரியர் விலையை மறந்துவிடலாம். விற்பதற்காகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் இன்னும் மோசம். புதுப் பெயிண்டைப் பார்த்ததும் உள்ளே எதை மறைத்தார்கள் என்றுதான் அவர் யோசிப்பார். சர்வீஸ் பில் கட்டு, கழற்றி வைத்த ஒரிஜினல் வீல்கள், இரண்டாவது சாவி எல்லாம் அவரிடம் காசாகும். குடும்பக்காரர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பிரியருக்குக் காத்திருப்பதிலும் செலவு உண்டு. காப்பீடு ஓடும், பேட்டரி இறங்கும், வாங்கப் போகாதவர்களும் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். ஏலத்தில் விட்டால் கட்டணம் வேறு. குறைந்தபட்ச விலை நிர்ணயிக்காவிட்டால் அடிமட்டத்திலேயே முடிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், அரிய ரகம், துரு இல்லை, பில்கள் இருக்கின்றன என்றால் முதலில் பிரியருக்கு ஆறு வாரம் ஒதுக்குவேன். ஆள் வரவில்லையா, சரி, சீட்டுகளைத் துடைத்து, ஏ.சி.யைச் சரிபார்த்து, குடும்ப விலைக்கு விளம்பரத்தை மாற்றி எழுதுவேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நேராகக் குடும்பக்காரர்தான். இருவரில் யார் வந்தாலும் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க மாட்டேன். ஆறிய என்ஜின் முதல் தடவை எப்படிப் பிடிக்கிறது என்பதை அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.