பக்கத்து வீட்டுக் காரில் உரசிவிட்டால்: கையிலிருந்து கட்டுவதா, இன்சூரன்ஸா?

ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரின் கார் பம்பரில் உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. அவர் பார்த்துக் கேட்பதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். எந்த வழியில் தீர்ப்பது என்பது அதற்குப் பிறகுதான்.

பலரும் செய்வது, நின்ற இடத்திலேயே ஒரு தொகையைப் பேசிக் கையில் கொடுப்பது. வேகமாக முடியும், ஆனால் இருப்பதிலேயே மோசமான வழி இதுதான் என்பேன். பிளாஸ்டிக் பம்பர் அமுங்கி மீண்டும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். உள்ளே கிளிப் உடைந்ததோ சென்சார் நகர்ந்ததோ கழற்றினால்தான் தெரியும். கொடுத்தவர் கணக்கு முடிந்தது என்று இருப்பார், வாங்கியவருக்கோ அது போதாமல் போகும். மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அதைவிட, ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கி, பில்லை நேரடியாக அங்கேயே கட்டுவது எவ்வளவோ மேல். ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உரசல் பட்ட காரின் சொந்தக்காரருக்கு. தொகை அதிகம் என்று பட்டால் இன்னொரு எஸ்டிமேட் கேட்பதில் தவறில்லை. கீறல் விரலளவு இருந்தாலும் பில் பெரிதாக வரலாம். மெட்டாலிக் நிறத்தில் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும் என்பதால் பம்பர் முழுவதற்கும் பெயின்ட் அடிப்பார்கள். அதோடு அவருடைய பழைய கீறலும் மறைந்துவிடும். போகட்டும், அதற்காக வாதாட வேண்டாம். ஆனால் வேறு பக்கத்துப் பழைய நசுங்கல் பில்லில் ஏறக் கூடாது. அதற்குத்தான் உரசிய அன்றே அந்தக் காரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டியதும் தேதி, சேதம், தொகை, ‘இத்தோடு இந்த விஷயம் முடிந்தது’ என்ற வரி, இவ்வளவையும் ஒரு மெசேஜில் போட்டு அவரிடம் ‘சரி’ வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் போனால் கணக்கு வேறு. பாலிசியைப் பொறுத்து முதலில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டியிருக்கலாம். கிளைம் செய்யாததற்குக் கிடைத்துவந்த பிரீமியம் தள்ளுபடியும் குறையலாம். இவை இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பில் அதற்குக் கீழே என்றால் கையிலிருந்து கட்டுவதே லாபம். சென்சார், விளக்கு என்று செலவு ஏறினால் இன்சூரன்ஸ்தான். ஒன்றில் மட்டும் கவனம்: நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று பல பாலிசிகளில் நிபந்தனை உண்டு. கிளைம் செய்யும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும், தொகை பேசுவதற்கு முன் அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அதுவரை பக்கத்து வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லலாம், வருத்தம் தெரிவிக்கலாம்.

யார் இடித்தது என்பதிலேயே தகராறு வந்தால் இருவருக்கும் பொதுவான ஒருவரை வைத்துப் பேசலாம்; ஒரு தரப்பின் உறவுக்காரர் வேண்டாம். சிறு தொகைகளுக்கு எளிய வழக்கு நடைமுறை பல நாடுகளில் இருக்கிறது. ஆதாரம் கையில் இருந்தும் எதிர்த் தரப்பு பேசவே மறுத்தால் மட்டும் அங்கே போகலாம். வழக்குத் தொடரக் காலக்கெடு உண்டு என்பதால் வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது.

“சின்னக் கீறல்தானே, விடுங்க” என்று அவரே சொல்வதும் உண்டு. அப்போது பம்பரின் உள்பக்கத்தை மட்டுமாவது மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவை ஏற்பதாகவும் சொல்லுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.