பளபளக்கும் பழைய ரெக்கார்டு: சுங்கை சிப்புட்டில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய தமிழ்ப்பட ரெக்கார்டுகள் விற்பனைக்கு இருப்பதாக வாட்ஸ்அப்பில் படங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கீழே "தோட்டத்துக் கிராணி வீட்டுச் சரக்கு, ஒரே கை, நியர் மின்ட்" என்று போட்டிருக்கும். (கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்; நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்டப் புதுசு.) அவற்றை விற்கும் அதே ஆளிடம் 640 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு பெட்டி எல்.பி. தட்டுகள் வாங்கியவன் நான். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. அவர் என்னென்ன செய்கிறார் என்று மட்டும் சொல்கிறேன். இந்த வேலையை வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

கடையின் பின்கட்டில் ஒரே ஒரு டியூப் லைட்தான். அதன் கீழே நின்று தட்டை உறையிலிருந்து உருவி, இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். "பாருங்க தம்பி, முகமே பார்க்கலாம்." உண்மைதான், பார்க்கலாம். ஐம்பது வருடத்துத் தட்டு அப்படி மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும். நன்றாக வைத்திருந்த தட்டுக்கும் மினுமினுப்பு உண்டு. ஆனால் அது பாட்டு பதிந்திருக்கும் கோடுகளிலிருந்து வரும்; விளக்கொளியில் சாய்த்தால் விசிறியாக விரியும். இவருடைய தட்டுகளிலோ மேலே ஈரம் பூசினாற்போல ஒரு வழவழப்பு. ஓரத்தில் விரல் பட்ட இடமெல்லாம் ரேகை அப்படியே நிற்கிறது. கார் டேஷ்போர்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயோ, மர அலமாரிக்குப் போடும் பாலிஷோ, ஏதோ ஒன்று. மெல்லிய கீறல்களை அது நிரப்பிவிடும், வெளிச்சத்தில் கீறல் கண்ணில் படாது. டியூப் லைட்டின் பரவிய வெளிச்சமும் அதற்கு உடந்தை.

வீட்டில் முதல் பக்கம் ஓடி முடிவதற்குள் ஊசிமுனையில் பழுப்பு நிறத்தில் பிசுக்கு சேர்ந்து ஒரு சின்ன உருண்டையாகத் தொங்கியது. பாட்டு போகப் போக மங்கிக்கொண்டே வந்ததன் காரணம் அதுதான். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, லேபிளில் படாமல் கோட்டின் போக்கிலேயே துடைத்து, அலசிக் காயவைத்தேன். காய்ந்ததும் தட்டின் நிஜ முகம் தெரிந்தது. முழுக்க மயிரிழைக் கீறல்கள், ஒரு தட்டில் நகத்தால் தடவினாலே தட்டுப்படுகிற ஆழமான வெட்டு. நகத்துக்குத் தெரியும் கீறல் நிச்சயம் காதுக்கும் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்தக் கணக்குக்குப் பிசகாமல் 'டிக்', 'டிக்' என்று பாட்டு முழுக்க வந்தது. (இதே முறையை 78 சுழற்சித் தட்டுகளுக்குச் செய்யப் போகிறவர்கள் கவனம்: அவை அரக்குத் தட்டுகள். ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் பட்டால் மேற்பரப்பு போய்விடும்.)

"வாங்கும்போது போட்டுக் கேட்கவில்லையா?" என்று கேட்பீர்கள். போட்டுக் காட்டினார், அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. அவர் வைத்திருப்பது சூட்கேஸ் மாதிரி மூடிபோட்ட சின்ன பிளேயர். அந்த வகைக் கருவிகளில் ஊசி ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல டர்ன்டேபிளில் இரண்டு கிராம்தான். அந்தக் கனத்தில், வேறு கருவியில் தாவும் இடத்தைக்கூட ஊசி உழுதுகொண்டு போய்விடும். சின்ன ஸ்பீக்கரில் பாதி கரகரப்பு வெளியே வராது. அதற்கும் மேல், ஊசியை எப்போதும் நடுப் பாட்டில்தான் வைப்பார். முதல் பாட்டின் தொடக்கத்தையும் கடைசிப் பாட்டையும் போடச் சொன்னால் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

எல்லாம் ஒன்றில்லை. ஊசி முதலில் இறங்கும் விளிம்பில்தான் கைபட்ட கீறலும் இறக்கும்போது விழுந்த அடியும் அதிகம். கடைசிப் பாட்டு லேபிளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுழற்சி மாறுவதில்லை, ஆனால் வட்டம் சிறுத்துவிடுவதால் அதே ஒரு வினாடிப் பாட்டு மிகக் குறைந்த நீளத்துக்குள் நெருங்கி அடைந்திருக்கும். தேய்ந்த ஊசி போட்டு அழித்த தட்டு முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். பாடகி உச்சத்துக்குப் போகும்போது 'ச', 'ஷ' எல்லாம் கிழிந்து வரும். இது கீறல் இல்லை, கோடே தேய்ந்துபோனது. எத்தனை முறை கழுவினாலும் திரும்பாது. நல்ல வெளிச்சத்தில் அந்தப் பகுதி கறுப்பு மங்கிச் சாம்பல் படிந்ததாகத் தெரியும், எண்ணெய் பூசாமல் இருந்தால்.

அடுத்தது கிராணி வீட்டுக் கதை. அந்தக் காலத்துத் தோட்டத்தில் ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) வைத்திருந்தது கிராணி வீடு, டிரஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) வீடு என்று ஒன்றிரண்டு இடங்கள்தான். அங்கிருந்து வந்த தட்டுக்குத் தனி மதிப்பு உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். என் பெட்டியில் சில தட்டுகளின் லேபிளில் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு உரித்தேன். அடியில் நீல மையில் பெரிய எண், பக்கத்தில் "க" என்று வட்டம் போட்டு எழுதியிருந்தது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் இருட்டில் தட்டைத் தேட இப்படித்தான் எண் போட்டு வைப்பார்கள். வெட்டவெளியில், கனத்த ஊசியில், விடிய விடிய ஓடிய தட்டு அது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் பிளேயரின் நடுக்கம்பி உரசிய மெல்லிய கோடுகளைப் பாருங்கள். எத்தனை முறை பார்க்காமல் குருட்டாம்போக்கில் செருகியிருக்கிறார்கள் என்று அதுவே சொல்லும். என்னுடையதில் துளையைச் சுற்றி எழுத்தே தேய்ந்திருந்தது.

தரம் சொல்வதிலும் ஒரு தந்திரம். கோல்ட்மைன் என்ற அமெரிக்க இதழின் அளவுகோலைத்தான் சேகரிப்பாளர்கள் பலர் பின்பற்றுகிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வெரிகுட் பிளஸ், வெரிகுட், குட் என்று இறங்கும். அதில் வெறும் 'குட்' என்றாலே இரைச்சல் பலமாக இருக்கும் தட்டு. தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று இரண்டும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இவர் ஒன்றுதான் சொல்வார், அது உறையைப் பார்த்துச் சொன்னது.

அந்த உறையாவது உண்மையா? இரண்டு உறைகள் கலர் பிரதி. முன்பக்கம் பார்த்தால் தெரியாது. பின்பக்கத்துப் பொடி எழுத்துகள் ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாயைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்தால் அட்டை வெள்ளை வெளேர் என்றிருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் ஐம்பது வருடம் கிடந்த அட்டை பழுப்பேறாமல் இருக்குமா? இன்னொரு உறையில் தட்டின் வட்டம் அழுத்திப் பதிந்து மை உதிர்ந்திருந்தது, உள்ளே இருந்த தட்டோ வேறு படத்தினுடையது. லேபிளில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். லேபிளை மாற்றி ஒட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தால், பாட்டு முடிந்த பிறகு வரும் வெறும் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அதை யாராலும் மாற்ற முடியாது.

நியாயமாகச் சொன்னால், எல்லாக் குறையும் ஏமாற்று இல்லை. பூஞ்சணம் இங்கே எந்த வீட்டிலும் வரும், பெரும்பாலும் கழுவினால் போய்விடும். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கிடந்து பால் படிந்தாற்போல மங்கிய தட்டு தேறாது. நெளிவு லேசாக இருந்தால் ஊசி சமாளித்துக்கொள்ளும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது "பழைய சாமான்னா அப்படித்தான் லா, நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். ஸ்டிக்கரை உரித்த படத்தைக் காட்டினேன். பிறகு போனையே எடுப்பதில்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். ரசீது தராததால் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் போன கணக்கையும் அச்செடுத்து வைத்தேன். இவரிடம் வாங்கிய வேறு யாராவது இருந்தால், தட்டைக் கழுவுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள்.

பெட்டிகள் இன்னும் கடையில் இருக்கின்றன. போகிறவர்கள் ஒரு டார்ச்சும் வெள்ளை டிஷ்யூவும் கொண்டு போங்கள். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெறும் இடத்தில் டிஷ்யூவை மெல்ல ஒற்றிப் பாருங்கள். எண்ணெய் தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டு வாருங்கள். ஒற்றவே விடமாட்டேன் என்றாலும் அப்படியே.