பையில் எந்தக் கத்தி: கட்டரா, மரப்பிடியா, சிவப்புப்பிடியா?

ஆறு வருஷமாக என் பேன்ட்டின் வலது பையில் ஒரு சிவப்புக் கத்தி இருக்கிறது. விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன், சுவிஸ் மடக்குக்கத்தி. மடக்கினால் 9.1 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 60 கிராம். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஒப்பினெல் எட்டாம் நம்பர் வைத்திருந்தேன், பிரெஞ்சுக்காரர்களின் மரப்பிடி மடக்குக்கத்தி. அதற்கும் முன்னால் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டர். தூத்துக்குடியில் சின்னதாக ஒரு உரக்கடை நடத்துகிறேன். சாக்கு, அட்டைப்பெட்டி, சணல், பிளாஸ்டிக் பட்டை என்று நாள் முழுக்க எதையாவது அறுத்துக்கொண்டே இருக்கும் தொழில். மூன்றையும் வேலையில் போட்டுப் பார்த்த பிறகுதான் சிவப்பில் நின்றேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"கத்தியை எதுக்குப்பா பையில வச்சுக்கிட்டுத் திரியுற?" என்று என் அத்தை முதலில் பயந்தார். நியாயமான பயம்தான். ஆனால் தினமும் ஒரு கூரான கருவியை உடம்போடு வைத்துக்கொள்வது நம் ஊருக்குப் புதிதல்ல. உடன்குடிப் பக்கம் பனை ஏறிய என் பெரியப்பா, இடுப்பில் அருவாப்பெட்டி கட்டாமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை. ஆச்சியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருந்தது. தாத்தாவின் அரைஞாணில் முள்வாங்கி தொங்கியது. கையில் கருவி இருந்தால், நின்ற இடத்திலேயே வேலை முடியும். இல்லையென்றால் பல்லால் கடிப்போம், சாவியால் கிழிப்போம், பக்கத்து வீட்டில் போய்க் கேட்போம். காரணம் இவ்வளவுதான்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016-ஆம் வருஷத்து விதிகளும் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கு. அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இங்கே பேசும் மூன்றும் அந்த அளவில் பாதிகூட வராது. அதற்காகக் கோர்ட்டுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் எடுத்துப் போகக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள். லண்டனில் இருக்கும் என் மச்சான் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன்: அங்கே காரணம் சொல்லாமல் வெளியில் வைத்துக்கொள்ள, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், விரித்தபின் பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தியாகவும் இருக்க வேண்டும். ஸ்பார்ட்டன் அதற்குள் அடங்கும். ஒப்பினெல் எட்டு நீளத்திலும் பூட்டிலும் அடங்காது.

முதலில் கட்டர். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1956-இல் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா என்பவர் யோசித்துக் கண்டுபிடித்த கருவி இது. உடைந்த கண்ணாடியின் விளிம்பும், கட்டம் கட்டமாக உடைத்துத் தின்னும் சாக்லேட்டும்தான் அவருக்கு யோசனை கொடுத்தவை. நுனி மழுங்கினால் ஒரு கட்டத்தை உடைத்துப் போடு, புது வாய் வந்துவிடும். தீட்டும் வேலையே இல்லை. விலையும் சில பத்து ரூபாய்தான். நாள் முழுக்க அட்டைப்பெட்டி மட்டும் பிரிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். என் கடை மேஜையில் இன்றும் ஒன்று இருக்கிறது.

பையில் வைத்துத் திரிய மட்டும் அது எனக்கு ஒத்துவரவில்லை. தகடு மெலிது. சாக்குத் தையலை அழுத்தி அறுத்தால் வளைகிறது. ஒருமுறை அப்படி வளைந்து, நுனி ஒடிந்து என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். தகட்டில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள், அதனால் கொய்யாப்பழம் நறுக்க மனசு வராது. இதையெல்லாம்விட என்னை உறுத்தியது, உடைத்த துண்டுகள். அவை குப்பைக் கவருக்குள் போகின்றன. அந்தக் கவரை வெறுங்கையால் பிரிப்பவர் காலையில் வரும் தூய்மைப் பணியாளர். கட்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தத் துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து, மூடி, டேப் ஒட்டிக் கொடுங்கள்.

அடுத்து ஒப்பினெல். அழகு என்று பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். 1890-இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவாய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் செய்த கத்தி. உருவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பீச் மரப்பிடி, ஒரே ஒரு வாய், கழுத்தில் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் விரித்த கத்தி விரல் மேல் மடங்காது. இந்தப் பூட்டு 1955-இல் வந்தது. எட்டாம் நம்பரின் வாய் 8.5 சென்டிமீட்டர். தகடு மெலிதாக இருப்பதால் வெங்காயத்திலும் மாம்பழத்திலும் அது இறங்குகிற இறக்கம் வேறு எதிலும் வராது. ஸ்பார்ட்டனுக்குப் பூட்டு கிடையாது, வில் அழுத்தம் மட்டும்தான். குத்துவதற்கும் முறுக்குவதற்கும் அதை நம்பக் கூடாது. இந்த இடத்தில் ஒப்பினெல்தான் மேல். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் நான் வாங்கியது கார்பன் ஸ்டீல் வாய் உள்ளது. வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மனை வைத்திருந்தவர்களுக்கு அதன் குணத்தை விளக்க வேண்டியதில்லை. மாங்காய் நறுக்கினால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். ஒரு ராத்திரி எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு, துடைக்காமல் மடக்கிப் பையில் போட்டுவிட்டேன். மறுநாள் விரித்தபோது வாயோரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் துரு. தப்பு என்னுடையது, கத்தி அதன் இயல்பைத்தான் காட்டியது. ஆனால் கடற்கரை ஊரில், சித்திரை வெயிலில், வியர்வையில் நனைந்த பைக்குள் தினமும் இருக்கப் போகிற பொருளுக்கு அந்த இயல்பு ஒத்துவருமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். ஐப்பசி மழையில் இன்னொன்றும் தெரிந்தது. மரம் ஈரம் குடித்துப் பருத்ததில் வாய் பிடிக்குள் சிக்கிக்கொண்டது. பிடியின் பின்முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் வாய் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். சவாய்க்காரர்கள் காலம்காலமாகச் செய்கிற தட்டு அது. வீட்டில் தட்டலாம். ஒரு கையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும்போது எங்கே தட்டுவது?

ஸ்டெயின்லெஸ் ஒப்பினெலும் உண்டு. அதை நான் தினசரி வைத்துப் பார்த்ததில்லை, ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் மட்டும் பயன்படுத்தினேன். துருத் தொல்லை இல்லை. அது வெயில்காலம் என்பதால் மழையில் மரப்பிடி என்ன செய்யும் என்று அதை வைத்து என்னால் சொல்ல முடியாது. மரம் ஒன்றுதானே, அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் ஊகம்.

என்னை முடிவெடுக்க வைத்தது தீட்டும் விஷயம். தினமும் வேலை செய்யும் கத்தி தினமும் கொஞ்சம் மழுங்கும். கத்தி வாயை அட்டைப்பெட்டியைப் போலத் தின்னும் பொருள் வேறில்லை. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அதிகமாக அழுத்துவோம், அது வழுக்கும். ஆகவே "எந்தக் கத்தி ரொம்பக் கூர்" என்று கேட்பதைவிட, "எந்தக் கத்தியை நான் என் வீட்டிலேயே, சலிக்காமல், வருஷக்கணக்காகக் கூராக வைத்திருப்பேன்" என்று கேட்பதுதான் சரி.

பெரியப்பா பாளை சீவும் அரிவாளை ஒவ்வொரு நாளும் தீட்டினார். மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, முன்னும் பின்னுமாக இழுப்பார். பாளையை மெலிசாகச் சீவினால்தான் பதனீர் சொட்டும், நசுங்கினால் சொட்டாது. பொழுது விடியுமுன் அந்தச் சரக் சரக் சத்தத்தில்தான் லீவு நாட்களில் எனக்கு முழிப்பு வரும். அவர் யாரிடமும் அரிவாளைக் கொடுத்துத் தீட்டச் சொல்லிப் பார்த்ததில்லை. இந்தப் பாடம் தெரிந்தும் நான் ஒருமுறை தெருவில் வந்த சாணைச் சக்கரத்தில் ஒரு சின்னக் கத்தியைக் கொடுத்தேன். பொறி பறந்தது, கூர் வந்தது, வாயோரம் நீலம் பாய்ந்தும் வந்தது. சூட்டில் உருக்கின் பதம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு எத்தனை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கியது. அரிவாள்மனைக்குச் சாணை சரி. மெலிதான மடக்குக்கத்திக்கு வேண்டாம்.

விக்டோரினாக்ஸின் உருக்கு ரொம்பக் கடினமானது அல்ல. கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56-ஐ ஒட்டி இருக்கும். விலை உயர்ந்த கத்திகளில் 60-க்கு மேல்கூட உண்டு. அதனால் இது சீக்கிரம் மழுங்கும் என்று குறை சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதே மென்மையால்தான் சாதாரணக் கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறுகிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போதும். 1000 நம்பர் (நடுத்தரச் சொரசொரப்பு) தண்ணீர்க்கல்லை நனைத்து, ஈரத்துணி மேல் வைத்துக்கொள்வேன். கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தூக்கி இருக்கட்டும். கோணக் கணக்கெல்லாம் பார்க்காமலேயே, பக்கத்துக்கு 18 பாகையை ஒட்டி வந்துவிடும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும், கட்டைவிரலைக் குறுக்காக வைத்து வருடினால் தட்டுப்படும். அது நுனியிலிருந்து அடிவரை வந்ததும் திருப்பிப் போட்டு அதேபோலத் தேய்க்க வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், முடிதிருத்தும் கடையில் அந்தக் காலத்தில் சவரக்கத்தியைத் தீட்டுவார்களே, அதுபோலப் பின்பக்கமாகப் பத்து இழுப்பு. தக்காளித் தோலில் கத்தியைச் சும்மா வைத்து இழுத்தால் இறங்க வேண்டும். அழுத்தினால்தான் இறங்குகிறது என்றால் மறுபடியும் கல்லுக்குப் போங்கள்.

ஊருக்குப் போன இடத்தில் கல் இல்லையென்றால், பீங்கான் டீக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் மெதுவாக ஏழெட்டு இழுப்பு இழுத்தால் அன்றைய பொழுதுக்கு ஓடும்.

கார்பன் ஒப்பினெல் இதைவிடச் சுலபமாகத் தீட்டப்படும், கூரும் இதைவிட நன்றாக வரும். அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு முறையும் துடைப்பு, வாரம் ஒருமுறை எண்ணெய், மழைக்காலத்தில் மரத்துக்குத் தனிக் கவனம் எல்லாம் வேண்டும். கட்டருக்குத் தீட்டல் இல்லை, ஆனால் ஓயாத துண்டுக் குப்பை. ஸ்பார்ட்டன் கேட்பது அந்தப் பத்து நிமிஷம்தான். மாதம் ஒருமுறை வெந்நீரில் விரித்தும் மடக்கியும் அலசி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். சமையல் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துப் போகும், தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

ஸ்பார்ட்டனில் உள்ள மற்ற கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1891-இல் விக்டோரினாக்ஸ் நிறுவனர் கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியபோது தேவைப்பட்டவையே துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, டின்னைத் திறக்க ஒரு வாய் போன்றவைதான். என் ஸ்பார்ட்டனில் உள்ள தக்கைத் திருகு எனக்கு முடிச்சு அவிழ்க்க மட்டும் உதவுகிறது. பெரிய வாயைச் சாப்பாட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், சின்ன வாய்க்கு உரச்சாக்கு. இரண்டு வாய் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது உரம் பட்ட கையோடு ஆரஞ்சுப்பழம் உரிக்க நினைக்கும்போதுதான் தெரியும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட முடியவில்லை. பிடியின் மூலையில் செருகியிருக்கும் சின்ன இடுக்கி. போன கோடையில் ஊர்க் குளக்கரையில் அக்கா மகன் செருப்பில்லாமல் ஓடி, சீமைக்கருவேல முள் குதிகாலில் ஏறி ஒடிந்துவிட்டது. பிள்ளை காலை நீட்டிக்கொண்டு, "மாமா, மெதுவா, மெதுவா" என்று என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தான். கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. தோலைச் சுற்றி அழுத்தியதும் முனை எழும்பியது. இடுக்கியால் பற்றி, முள் போன வழியிலேயே இழுத்தேன். அரை அங்குலத்துக்குக் குறையாமல் வந்தது. தாத்தாவின் முள்வாங்கி செய்த வேலையை அன்று அது செய்தது. வாங்கும்போது இந்த இடுக்கியை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

குறடு வைத்த பல்கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். லெதர்மேன் ஒன்றை எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் இரண்டு நாள் வாங்கிப் பார்த்தேன், என் அனுபவம் அவ்வளவுதான். பையில் கனம் தெரிந்தது. கம்பி முறுக்கும் வேலை தினமும் உள்ளவருக்கு அந்தக் கனம் பொருட்டாக இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு நாளை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பழைய ஒப்பினெலைத் துரு சுரண்டி, தீட்டி, கோவையில் இருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கடற்காற்று இல்லாத ஊர், பைக்குள் போக வேண்டிய தேவையும் இல்லை. சமையலறை ஜன்னலோரம் மாட்டி வைத்திருக்கிறாள். காய் நறுக்கியதும் முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்து அங்கேயே மாட்டிவிடுகிறாள். வாய் இப்போது ஒரே சீராகச் சாம்பல் நிறம் ஏறி, புள்ளித் துரு இல்லாமல் இருக்கிறது.