ஹோமாகமப் பக்கம் 11 வருடம்: வீடு சரி, மதில்தான் பிரச்சினை

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து பழைய நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் கேட்டான். "மச்சான், உங்கட பக்கம் 8 பேர்ச்சஸ், ஒரு வீடு கட்டுமளவு காணி ஒன்று வருது. வாங்கலாமா?" ஒரு மாதம் முந்திக் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கு என்றிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுத் திட்டத்தின் பின்மதிலை மேசன் கட்டிப் பூசிவிட்டுப் போய் மூன்று கிழமைதான் ஆகிறது. சீமெந்து காய்ந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஆகவே இதை நடுநிலையான விமர்சனம் என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஹைலெவல் வீதியால் வரும் ஹோமாகமவுக்கு 138 பஸ்ஸில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் வந்தது 2013இல். பக்கத்துக் கொட்டாவையிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறந்திருந்தது. அந்தச் சூட்டிலேயே காணி விலை ஏறத் தொடங்கியிருந்தது. 2014இல் கொட்டாவைக்கும் கடுவெலைக்கும் இடையில் வெளிவட்ட அதிவேகப் பாதை, 2016இல் பிட்டிபனையில் என்.எஸ்.பி.எம். பல்கலைக்கழகம். ஒவ்வொன்றும் வர, எங்காவது ஒரு றப்பர் தோட்டம் துண்டாகும். வாசலில் சிரிக்கும் குடும்பத்தின் படத்தோடு ஒரு பலகை முளைக்கும். நாங்களும் அப்படி ஒரு பலகையைப் பார்த்து வந்தவர்கள்தான்.

வீட்டைப் பற்றிக் குறை சொன்னால் வாய் வேகும். உள்வீதி 20 அடி. மழைத்தண்ணீர் ஓடக் கான் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் தண்ணீருக்குள் கிடந்தபோது எங்கள் முற்றத்தில் செருப்புக்கூட மிதக்கவில்லை. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விடவேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. அந்தப் பத்தில் ஒன்றில் எங்களுக்கு ஒரு பூங்கா, ஒரு சறுக்குமரம். மகளுக்குத் தமிழ் மீடியம் வேண்டும் என்றதால் பம்பலப்பிட்டிக்கு விடிய 5.15க்கு வேன். அது தெரிந்தே ஏற்றுக்கொண்ட கஷ்டம், கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, மதிலுக்கு வருகிறேன்.

களனிவெளி ரயில் பாதையில் எங்களுக்குக் கிட்டவுள்ள ஸ்டேஷன் நேர்கோட்டில் 400 மீட்டர். இரவில் கோச்சியின் ஹோர்ன் படுக்கையறைக்குள் கேட்கும். ஆனால் வீதியால் போனால் 2.3 கிலோமீட்டர். நானே ஃபோனை வைத்து நடந்து அளந்தேன். காரணம், எங்கள் திட்டத்தைச் சுற்றி ஏழடி மதில். அதற்கு அப்பால் இன்னொரு கம்பனி பிரித்து விற்ற இன்னொரு திட்டம். அவர்களுடைய வீதி மதிலின் அந்தப் பக்கம் முட்டி நிற்கிறது, எங்களுடையது இந்தப் பக்கம் முட்டி நிற்கிறது. இரண்டு வரைபடத்திலும் வீதி அகலம் சரி, கான் சரி, பூங்கா சரி. இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே விரித்துப் பார்த்தவர் மட்டும் யாருமில்லை. எங்கள் 40 வீட்டுக் கார்களும், பக்கத்துத் திட்டங்களின் கார்களும் காலை 6.40க்கு ஒரே ஒழுங்கையால்தான் ஹைலெவல் வீதிக்கு வாய் திறக்கின்றன.

கோச்சியிலும் பெரிய சுகம் என்று சொல்லமாட்டேன். தேயிலையும் றப்பரும் இறக்க இரண்டரை அடி அகலத்தில் போட்ட பாதை அது. 1990களில் அகலமாக்கினார்கள், வளைவுகளை விட்டுவிட்டார்கள். ஒற்றைப் பாதை வேறு, எதிரே வருவதற்காக எங்காவது நின்று பெருமூச்சு விடும். ஆனால் பொரளையில் கோல்ஃப் மைதானத்துக்குள்ளால் போகும் பாருங்கள், அந்த ஒரு நிமிடம்! இங்கே ஒருவனுடைய முழங்கை என் விலாவில், அங்கே ஒருவர் வெள்ளைக் காற்சட்டையோடு நிதானமாகப் பந்தை அடிக்கிறார். பஸ்ஸில் இது கிடைக்காது.

நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த 2022 ஜூனில் ஒரு ராத்திரி மழைக்குப் பூங்கா மூலையில் மதில் சரிந்தது. ஓர் ஆள் தாராளமாகப் போகலாம். நல்ல நேரம் பார்த்துத்தான் சரிந்தது என்று இப்போதும் சொல்வேன். 27ஆம் திகதி நள்ளிரவோடு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்றார்கள். ஜூலை 10 வரை அப்படி. பிறகு கியூஆர் குறியீட்டில் பெற்றோல் பங்கீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கார் போர்ச்சில் உறைக்குள் கிடந்தது. நாங்கள் அந்த ஓட்டையால் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஆறு நிமிடம். ஒன்பது வருடமாகக் காதுக்கு மட்டும் கிட்ட இருந்த ஸ்டேஷன், அன்றைக்குத்தான் காலுக்கும் கிட்ட வந்தது.

அப்புறம் நடந்ததை எந்தப் பிளானிலும் கீறியிருக்க முடியாது. அந்தப் பக்கத்து ஆன்ட்டி ஒருவர், காஸ் இல்லாத அந்த நாட்களில் விறகடுப்பில் இடியப்பம் அவித்து, காலைக் கோச்சிக்குப் போகிறவர்களுக்குப் பார்சல் கட்டிக் கொடுத்தார். சம்பலில் உறைப்பு கொஞ்சம் கூட, அதுதான் குறை. அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கள் பூங்காவுக்கு வந்தார்கள். யாரும் ஏறாமல் துருப்பிடித்திருந்த சறுக்குமரம் இரண்டு மாதத்தில் பளபளத்தது. புத்தகத்தில் படித்துப் படித்தும் வராத சிங்களம் மகளுக்கு அந்த ஓட்டைக்குள்ளால் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். குப்பைப் பைகள் வந்தன. மாணவர்கள் மோட்டார் சைக்கிளை அதற்குள்ளால் விட்டார்கள். போன வருடம் ஒரு சைக்கிள் களவு போனது. அது என்னுடைய சைக்கிள்தான். புரோக்கர் ஒருவர், மதில் முழுதாக இருந்தால் கேட்டட் கம்யூனிட்டி என்று சொல்லி பேர்ச்சுக்குக் கூட விலை கேட்கலாம் என்று எங்கள் திட்டத்துச் சங்கத்துக்கு ஓதினார். கூட்டம் வைத்தோம். அடைக்க வேண்டும் என்று 31 கை. வேண்டாம் என்று 9. களவு கொடுத்தவனின் கை அந்த ஒன்பதில் இருந்தது. அவன் மனைவியின் கை முப்பத்தொன்றில். அன்றிரவு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது மறுபடி 2.3 கிலோமீட்டர். காலையில் ஓட்டோ பிடிக்கிறேன். முந்தாநாள் மதிலுக்கு மேலால் ஒரு பார்சல் நீண்டது. எட்டி வாங்கினேன். ஏழடி என்பதால் இடியப்பம் கொஞ்சம் நசிந்துவிட்டது.

ஆகவே நண்பனுக்கு எழுதினேன்: காற்று நல்லம், தண்ணீர் நல்லம், அயல் நல்லம், வாங்காதே. வெள்ளவத்தை அனெக்ஸிலேயே கிட, கடற்கரைக்கு நடந்தாவது போகலாம்.

அனுப்பிய பிறகுதான், அது எந்தக் காணி என்று கேட்கவில்லையே என்ற ஞாபகம் வந்தது. லொகேஷன் அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், ஆன்ட்டி வீட்டுக்குப் பக்கத்தில், எங்கள் குசினி ஜன்னலுக்கு நேர் பின்னால் இத்தனை வருடம் நுளம்பு வளர்த்துக்கொண்டு கிடக்கும் அதே வெறுங்காணி.

உடனே கோல் எடுத்தேன். "மச்சான், முதல் அனுப்பினதை அழி. நாளைக்கே போய் அட்வான்ஸைக் கட்டு. பிளான் கீறும்போது பின்மதிலில் ஒரு சின்னக் கேட்டுக்கு இடம் விடு. எங்கட சங்கத்தோட நான் கதைக்கிறன்."