எம்எஸ்ஸும் அவசர யூரினும்: டென்ஸ் மெஷின் ஒன்றரை வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு (எம்எஸ், மூளை, முதுகுத்தண்டு நரம்புகளப் பாதிக்கிற நோய்) 2016-ல கண்டுபிடிச்சாங்க. நடை தள்ளாடுது, கை மரத்துப்போகுதுன்னா யார்கிட்ட வேணா சொல்லிடலாம், ஒன்னுக்கு அடக்க முடியலன்னு யார்கிட்டங்க போய் சொல்றது. முட்டுதுன்னு தெரிஞ்சா உடனே பாத்ரூம்ல இருக்கணும், காலோ வேகமா எடுத்து வைக்க வராது. பகல்ல பதிமூணு பதினாலு தடவை, ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன்.

மொத டாக்டர் எடுத்த எடுப்புல யூரின் பைய அடக்குற ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை எழுதிட்டார். அடங்குச்சு, ஆனா நாக்கு ஒட்டிக்கிட்டு பேசவே முடியல, மலச்சிக்கல் வேற. அப்புறம் பாத்த யூராலஜி டாக்டர்தான் போயிட்டு வந்த உடனே ஸ்கேன் பண்ணி யூரின் பை எவ்ளோ காலியாகுதுன்னு பாத்தாங்க. இத மாத்திரைக்கு முன்னாடியே பண்ணிருக்கணும், ஏன்னா எம்எஸ்ல சிலருக்கு பை சரியா காலியாகாம தங்கிடும், அதுக்கு வைத்தியமே வேற. எனக்கு பெருசா தங்கல, அதனால கால் நரம்புக்கு கரண்ட் குடுத்துப் பாக்கலாம்னாங்க.

காலுக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்னு எங்க அத்தை கேட்டாங்க. கணுக்கால் உள்பக்கமா போற டிபியல் நரம்பும் பிளாடர் (யூரின் பை) நரம்பும் முதுகுத்தண்டோட அடியில ஒரே எடத்துல போய் சேருதாம், இங்க தட்டுனா அங்க அமைதியாகுது. ஆஸ்பத்திரில மெல்லிசு ஊசி வச்சு வாரம் ஒருதடவை அரைமணி நேரம், 12 வாரம் பண்ணுவாங்க. என்னால வாராவாரம் அலைய முடியாது, அதனால வீட்லயே டென்ஸ் மெஷின்ல, அதாவது தோல் மேல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுக்கற சின்ன மெஷின்ல பண்றேன்.

கணுக்கால் உள்பக்க எலும்புக்குப் பின்னாடி ஒரு பேட், அங்கேர்ந்து 10 செ.மீ மேல இன்னொன்னு. பிசியோ 10 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 10 துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோசெகண்ட்னு செட் பண்ணிக் குடுத்தாங்க, தினம் 30 நிமிஷம். கட்டைவிரல் லேசா துடிக்கணும், இல்ல உள்ளங்கால்ல குறுகுறுன்னு வரணும், வரலன்னா பேட் எடம் மாறிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு இடது கால்ல உணர்ச்சி கம்மி, கரண்ட் கூடிப்போனாலும் தெரியாதுன்னு வலது கால்லயே வைக்கச் சொன்னாங்க. அத்தை பக்கத்துல உக்காந்து வெரல் துடிக்கறதப் பாத்துட்டு "வலிக்குதாம்மா"ன்னு கேப்பாங்க. வலிக்கல.

மொத ஒரு மாசம் ஒன்னுமே இல்லைங்க, அழுகையா வந்துச்சு. டைரில எழுதிட்டே வந்ததாலதான் ஆறாவது வாரம் ராத்திரி நாலு ரெண்டானது தெரிஞ்சுது, மூணு மாசத்துல பகல்ல ஒம்போது. எண்ணிக்கைய விட எனக்குப் பெருசு என்னன்னா முட்டுனதுக்கப்புறம் ஒரு நாலஞ்சு நிமிஷம் தாங்குது. அந்த நாலஞ்சு நிமிஷத்துல நான் செவுத்தப் புடிச்சுட்டு விழாம நடந்து போயிடுவேன்.

இது குணப்படுத்துற வைத்தியம் இல்ல, அதையும் சொல்லணும். ஊர்ல கல்யாணம்னு மூணு வாரம் விட்டேன், பழையபடி ஆயிடுச்சு, திரும்பி வர ஒரு மாசம் ஆச்சு. மே மாச வெயில்ல மோசமாகுது, பேட்டும் வேர்வைல ஒட்டாது, காலக் கழுவித் தொடச்சு எண்ணெப்பசை இல்லாம வைக்கணும். திடீர்னு அதிகமாச்சுன்னா மெஷின சந்தேகப்படாம மொதல்ல யூரின் டெஸ்ட் குடுங்க, எனக்கு ஒருதடவை இன்ஃபெக்‌ஷன், அதுல காலே நகரல.

பிளாடர் நரம்புக்கு கரண்ட் குடுக்க இடுப்புக்குப் பின்னாடி மெஷின் பொதைக்கிற ஆபரேஷனும் இருக்கு. பழைய மாடல்ல தலைக்கு மட்டுந்தான் எம்ஆர்ஐ எடுக்கலாம், புதுசுல முழு உடம்புக்கும் எடுக்கலாம், எம்எஸ்காரங்க அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்கறவங்க, அதனால எந்த மாடல்னு கேட்டுக்கோங்க. நான் இன்னும் அதுக்குப் போகல.

லோகல் ட்ரெயின்ல பாத்ரூம் கெடையாது, அதனால மூணு வருஷமா ஏறவே இல்ல. போன மாசம் தாம்பரத்துலேர்ந்து எக்மோர் வரைக்கும் தனியா போயிட்டு வந்தேன். மாத்துத்துணி பையில இருந்துச்சு, எடுக்க வேண்டி வரல.

பேஸ்மேக்கர் வச்சவங்க, மாசமா இருக்கறவங்க தொடாதீங்க. மத்தவங்களும் மொத தடவை பிசியோ முன்னாடி வச்சுப் பழகிட்டு வீட்ல ஆரம்பிங்க.